நிற்காத கை

மாதவனின் தலை இருந்த இடத்தில் ரோபோவின் கை இருந்தது.

ஓசூர் சிப்காட். கார் கதவுகளை வெல்டிங் செய்யும் இரும்புக் கூண்டு. காலை ஒன்பதரை. இரத்தம் மஞ்சள் கோட்டைத் தாண்டி, எங்கோ போக வேண்டியது போல நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது...

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த சாப்ட்வேர்காரி டெல்சியிடம் திரும்பினார் இன்ஸ்பெக்டர் நாராயணப்பன்.

"கூண்டுக் கதவைத் திறந்தா மெஷின் நிக்கணும்ல?"

"நிக்கணும் சார். முன்ன அந்தக் கட்டளை புரோகிராமுக்குள்ளயே இருந்துச்சு. யாரும் தொட முடியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனியா செட்டிங் எழுதற கான்பிக் ஃபைல் குடு, நாங்களே மாத்திக்கறோம்னு லைன் மேனேஜர் மாதவன் சார்தான் கேட்டார். போன வாரம் போட்டுக் குடுத்தேன்."

"ஃபைல்ல என்ன இருக்கும்?"

"கதவு திறந்தா நிறுத்தணுமா... ஆமா, இல்ல. அவ்வளவுதான்."

"நல்லா இருக்கு. எமனுக்கே சுவிட்ச் போட்டுக் குடுத்திருக்கீங்க."

டெல்சி லேப்டாப்பைத் திருப்பினாள்.

"காலையில அஞ்சு அம்பதுக்கு மாதவன் சார் 'இல்ல'ன்னு மாத்தியிருக்கார். ஆறு மணி ஷிப்டுக்கு லைன் ஸ்டார்ட் ஆச்சு. எட்டு மணிக்கு நான் உள்ள போய் சென்சார் பாக்கறதா இருந்துச்சு."

"உங்களுக்கு வெச்ச குறியா?"

"இங்க வேலை செஞ்ச இருளாயி அக்காவுக்கு மெஷின்ல நாலு விரல் போச்சு சார். அவர்தான் காரணம்னு நாளைக்கு விசாரணையில சொல்றதா இருந்தேன்."

"ஆனா நீங்க வரல."

"காய்ச்சல். லீவு சொல்லிட்டேன். ஒன்பது மணிக்கு மறுபடி 'ஆமா'ன்னு மாத்தியிருக்கார். வெல்டிங் முனை சிக்கிக்கிச்சுன்னு அவரே உள்ள போயிருக்கார்."

"மாத்திட்டாரே... அப்புறம் ஏன் நிக்கல?"

"ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் ஃபைலைப் படிக்கும். மாத்தினா லைனை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். அவர் பண்ணல."

நாராயணப்பன் பெருமூச்சு விட்டார்.

"ஆக, கொல்ல நெனச்சவனே செத்தான். உங்க மேல கேஸ் இல்லம்மா."

டெல்சியின் தோள்கள் தளர்ந்தன. கைப்பையை எடுத்தாள்.

கான்ஸ்டபிள் திம்மராயன் ஓடி வந்தார். கையில் பிணத்தின் செல்போன்.

"சார், எல்லாக் காலும் ரெக்கார்டு ஆகியிருக்கு. கடைசிக் கால்... கேளுங்க."

மாதவனின் குரல்.

"டெல்சி, ஃபைல்ல ஒண்ணு மாத்தி சேவ் பண்ணிட்டேன். லைனை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணணுமா?"

"வேணாம் சார். சேவ் பண்ணினா போதும்."

டெல்சியின் குரல்! அதில் காய்ச்சலே இல்லை.

நாராயணப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

"காலையில அவர் 'இல்ல'ன்னு மாத்தினது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"லைன் ஸ்டார்ட் ஆனப்பவே, ஃபைல்ல 'இல்ல'ன்னு இருக்குன்னு என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு சார்." அவள் தரையைப் பார்த்தாள். "அதான் காய்ச்சல்."

நாராயணப்பன் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஜீப்புல ஏறுங்கம்மா. எங்க எஃப்.ஐ.ஆர். எழுதின உடனே வேலை செய்யும். நிறுத்தி ஸ்டார்ட் பண்ணத் தேவையில்ல."