முந்நூறு பேருக்கு ஒரே மெயில்

நான்காவது முறையாகத் துடைத்த பிறகும் ரேகைக் கருவியின் கண்ணாடி ஈரமாகவே இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த இ-சேவை மையத்தில், வெயிலில் வந்தவர்களின் வியர்வையும் புகையிலையும் எச்சிலும் கலந்த வாடை, அங்கே வேலை பார்க்கும் வெண்மதிக்குப் பழகியதுதான் என்றாலும், இன்று அது கருவிக்குள்ளிருந்தே கிளம்பி வந்து அவள் தொண்டையில் படிந்தது.

காடு கழனி வேலையில் ரேகை தேய்ந்தவர்கள் பெருவிரலை நாக்கில் தொட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். அப்போதுதான் பதியும். அருவருப்பாக இருந்தாலும், வரிசை நகரட்டும் என்று அதைச் சொல்லிக்கொடுத்தவளே வெண்மதிதான். இன்னொன்றும் செய்திருந்தாள். ஒரு தடவை உள்ளே போனால் அரசு இணையதளங்கள் அத்தனையும் திறக்கும் என்று ஆளுக்கு ஒரே கணக்கு வந்தபோது, மெயில் இல்லாத முந்நூறு பேருக்குத் தன் மெயிலையே கொடுத்துப் பதிந்துவிட்டாள். ஆளுக்கொன்று திறந்துகொண்டிருக்க யாருக்குப் பொறுமை? அவர்களுடைய பென்ஷனும் பட்டாவும் அவள் மெயில் வழியாகவே போய் வந்தன.

இன்று அவளுக்கே அந்தக் கணக்கு வேண்டும். ஆறு வருடம் முட்டி மோதி எழுதிய தேர்வில் வேலை கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் உள்ளே நுழைந்து சம்மதம் சொல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். மணி நாலரை.

"கொஞ்சம் இருங்கக்கா. என்னுத முடிச்சுட்டு உங்களுத பாக்கறேன்," என்றாள், விதவை பென்ஷனுக்காகப் பெஞ்சில் காத்திருந்த தெரசாவிடம்.

"பாரு பாப்பா. எனக்கென்ன அவசரம்."

மெயிலைத் தட்டினாள். கணக்கு ரேகை கேட்டது. பெருவிரலை வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் எழுத்து வந்தது.

வணக்கம், மாதப்பன்.

மாதப்பன் பென்ஷனுக்கு வரும் கிழவர். விரலை எடுத்து முகர்ந்தாள். பீடி நாற்றம். நகத்தைச் சுற்றி மஞ்சள் கறை. அவள் பீடியைத் தொட்டதே இல்லை.

டெட்டால் ஊற்றித் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

வணக்கம், தீர்த்தம்மாள்.

இப்போது விரலில் கருவாட்டு வாடை.

மூன்றாம் முறை வைத்தபோது கண்ணாடி விரலைச் சப்பியது. சந்தேகமே இல்லை. நாக்குதான் அது.

பிடுங்கினாள். பெருவிரல் உரித்த முட்டைபோல் வழவழவென்றிருந்தது. ரேகைகள் மணிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தன. மெல்லிய புழுக்களாக. முந்நூறு பேருடையவையும்.

வெண்மதி என்று யாரும் இல்லை, என்றது திரை.

நாலு ஐம்பது. போனை எடுத்தாள். முகத்தைக் காட்டினால் திறக்கும் போன். திறக்கவில்லை. அதன் கறுத்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கன்னத்தில் ரேகை வரிகள். நெற்றியில் சுழி. ஒரு கண்ணை ரேகை ஏற்கெனவே மூடியிருந்தது.

கத்த நினைத்தாள். வாய் ஒட்டியிருந்தது.

தெரசா எழுந்து வந்தாள். கருவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஆச்சா பாப்பா? நானும் வெச்சுட்டுக் கெளம்பறேன். பஸ்ஸு வந்துரும்."

நாக்கை நீட்டிப் பெருவிரலை நனைத்தாள். வெண்மதியின் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

எச்சில் மூக்கோரமாக வழிந்தது. வெண்மதியின் வாய் தானாகத் திறந்தது.

"வணக்கம், தெரசா," என்றது.

வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், விரலை நனைத்துக்கொண்டு.