கையால் மட்டும் இறுக்கவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கனத்தூர்க்காரர்கள் குளித்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் மாற்றிக்கொள்ளப் போவார்கள். பட்டறையில் வரிசையாகப் பலகைகள் கிடக்கும். ஆணும் பெண்ணும் குப்புறப் படுத்துக்கொண்டு பக்கத்துப் பலகைக்காரரிடம் பருப்பு விலை பேசுவார்கள். அவர்களின் இடுப்பிலிருந்து பழைய எண்ணெய் கீழே தட்டில் சொட்டிக்கொண்டிருக்கும்.

கனத்தூர் பூமியில் இல்லை. அந்தக் கோளின் ஈர்ப்பு பேராசை பிடித்தது. பூமியைப் போல இரண்டு பங்கு இழுக்கும். அதனால் குடியேறியவர்களுக்கு விசைக்கால்கள் பொருத்தினார்கள். அவை மடங்கி நிமிர்வது எண்ணெயின் அழுத்தத்தால். அந்த எண்ணெயை வடிகட்டிக் கொடுக்கப் பின்னிடுப்பில் தகரக் குவளை போல ஒரு வடிகலன். பழங்காலத்துக் கார்களில் இருந்த ஆயில் ஃபில்டரை அப்படியே எடுத்து மனிதனுக்கு மாட்டிவிட்டார்கள். ஓடுகிற சரக்கை எவன் மாற்றுவான்?

'கையால் மட்டும் இறுக்கவும்' என்று அதன்மேல் அச்சடித்திருக்கும். ஆனால் பட்டறையில் இறுக்கி அனுப்பியதை வீட்டுக்குப் போனதும் தன் பங்குக்கு ஒரு திருகு திருகாதவர் ஊரில் கிடையாது. காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்பதில்லையா, அதுபோல.

பாத்திரக்கடை சுயம்புலிங்கம் அதற்கும் மேலே போய்விட்டார். மறுநாள் அவர் மகள் ஜெயக்கொடிக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடித்து மணவறைக்கு நடத்திப்போவது தகப்பனின் பொறுப்பு. வடிகலனோ அடைத்துக்கொண்டது, கால் இழுக்கிறது, கழற்றவும் வரவில்லை.

பட்டறையை நடத்திய எந்திரனுக்கு ஊரார் மாசானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது குனிந்து பார்த்தது.

"அண்ணாச்சி, இதக் கையாலதான் திருகினியளா?"

சுயம்புலிங்கம் பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் மனைவி செல்வக்கனிதான் பதில் சொன்னாள்.

"கடையில குடத்துக்கு நெளிவு எடுக்குற பட்டையப் போட்டு முறுக்கினாக. கல்யாண வேலையில கழண்டு விழுந்துரக் கூடாதாம்."

"உலகத்துல செய்யாததையா செஞ்சிட்டேன்?" என்றார் அவர், பலகையைப் பார்த்தபடி.

மாசானம் வெறுங்கையால் பிடித்தது, வழுக்கியது. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தது; உப்புத்தாள் சுழன்றது. குல்லா போன்ற திறப்பானைக் கவிழ்த்ததில் வடிகலனின் முனைகள் மழுங்கின. சங்கிலியைப் போட்டதும் தகரம் நசுங்கியது.

"திருப்புளிய ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து நெம்புவே," என்றார் பக்கத்துப் பலகைக்காரர்.

"தகரம் கிழிஞ்சு கையோட வந்துரும். அடித்தட்டு இடுப்புலயே நிக்கும். அப்புறம் பிடிக்க ஒண்ணுமிருக்காது," என்ற மாசானம், "எந்திரிங்க அண்ணாச்சி, நின்ன இடத்துல நடங்க," என்றது.

அவர் முனகிக்கொண்டே நடந்தார். எண்ணெய் சூடாகி, உள்ளே ஒட்டிக்கிடந்த ரப்பர் வளையம் இளகியது. மாசானம் தோல்பட்டையைத் தகரம் விறைப்பாக இருக்கும் அடிப்பக்கத்தில் மாட்டி, வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுத்தது. மொறுக் என்று ஒரு சத்தம். பிடிவாதம் விட்டது. பழைய வளையத்தை மறக்காமல் உரித்தெடுத்து, புது வடிகலனின் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கியது.

வீட்டுக்குப் போனதும், "இனி அதத் தொடமாட்டேன்னு மக மேல சத்தியம் பண்ணுங்க," என்றாள் செல்வக்கனி. பண்ணினார். அன்று முழுக்க அவர் கை இடுப்பின் பக்கம் போய்ப்போய்த் திரும்பியது, தொடவில்லை.

மறுநாள் மண்டபத்தில் மகளின் கையைப் பிடித்து நடந்தார். மணவறை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வலக்கால் தளர்ந்தது. இடக்கால் மடங்கி நின்றுவிட்டது. பட்டு வேட்டியில் எண்ணெய் பரவியது.

"அப்பா, என் தோளப் பிடிச்சுக்கிடுங்க," என்றாள் ஜெயக்கொடி. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பந்தியில் உட்கார வழியில்லாவிட்டாலும் அழைப்பை மதித்து வந்திருந்த மாசானம், ஓடிவந்து தொட்டுப் பார்த்தது.

"அண்ணாச்சி, நேத்து வீட்டுல திருகலியா?"

"சத்தியம் பண்ணிட்டேன்லா."

"அப்பத் தப்பு என் மேலதான். நீங்க வீட்டுல போடுறதுக்குன்னு அரைத் திருகு குறைச்சு வச்சிருந்தேன்."

"குறைச்சா?"

"எல்லாருக்கும் அப்படித்தான். சரியா இறுக்கி அனுப்புனா, நீங்க போடுறதும் சேந்து மறுதடவ கழட்ட முடியாது. பேரம் பேச வாரவங்களுக்கு நீங்க விலையில இடம் வச்சுச் சொல்றதில்லியா, அது மாதிரி."

"முன்னாலயே சொல்லித் தொலைக்கலாம்ல?" என்றாள் செல்வக்கனி.

"சொன்னா, அதையும் கணக்குல சேத்துல்லா திருகுவிய அக்கா."

மாசானம் அந்த அரைத் திருகைப் போட்டு, குறைந்த எண்ணெயை ஊற்றியது. கால்கள் நிமிர்ந்தன. சுயம்புலிங்கம் மகளை நடத்திக்கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாசானம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. இத்தனை காலமும் கூடுதல் என்று நினைத்துத் திருகியது வெறும் சரியளவுதானாமே.

கெட்டிமேளம் முழங்கியது. செல்வக்கனி உட்பட அத்தனை பேரின் வலக்கையும் அட்சதை தூவியது. இடக்கை மெல்லப் பின்னால் போய் இன்னும் ஒரு திருகு போட்டது.