மாயரோஸ் எட்டிப் பார்த்த ஜன்னல்

குன்வர் பாட்டி பாறைமேல் ஏறி நின்றார். ஏரியைப் பார்த்து வாயைத் திறந்தார். எண்ணெய் காணாத கதவு போல ஒரு கிறீச் சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

பேத்தி ஹில்மா திகைத்துப் போனாள். பாட்டியின் குரலா இது?

கோடையில் மாடுகள் பகலெல்லாம் மலைக்காட்டில் இஷ்டத்துக்குத் திரியும். சாயங்காலம் வீட்டுப் பெண் உச்சக் குரலில் பாடித்தான் அவற்றைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டு. வேறு பாட்டுக்கு மாடு அசையாது. குன்வர் பாட்டியின் பாட்டு அக்கரைக்கும் கேட்கும் என்று ஊரே பெருமையாகச் சொல்லும்.

பக்கத்துக் குடில் சிக்ஸ்டன் மாமா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னக்கா ஆச்சு? ஹால்வர் போன துக்கத்துல தொண்டை அடைச்சிருச்சா?"

ஹால்வர் தாத்தா பனிக்காலத்தில்தான் இறந்திருந்தார். அவர் இல்லாமல் மாடுகளோடு மலைக்குடிலுக்கு வந்த முதல் நாள் இது.

"வானம் கறுத்துட்டு வருது. தண்ணி குடிச்சிட்டு சீக்கிரம் கூப்பிடுங்க. இடி இடிச்சா மாடுங்க மிரண்டு சதுப்புப் பக்கம் ஓடிரும்" என்றார் மாமா.

சதுப்பில் இறங்கிய மாடு திரும்பி வராது. ஹில்மா காட்டைப் பார்த்தாள். அவளுடைய செல்ல மாடு மாயரோஸும் அங்கேதான் எங்கோ இருந்தது.

பாட்டி தொழுவத்துக்குள் போய்விட்டார். ஹில்மா தண்ணீரோடு பின்னால் ஓடினாள்.

"குடிங்க பாட்டி. சரியாயிடும்."

"சரியாகாது கண்ணு. இன்னைக்காவது வருமான்னுதான் பார்த்தேன். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே போன குரல் அது. பேச்சு வருது. உச்சிக்குப் போனா உடைஞ்சிடுது."

ஹில்மா தண்ணீரைக் கீழே வைத்தாள். "அப்போ போன வருஷம் கூப்பிட்டது யாரு?"

பாட்டி சிறிய ஜன்னலைக் காட்டினார். "தாத்தா. அங்க நின்னு."

"தாத்தாவா! அந்தத் தாடிக்குள்ள இருந்தா அந்தச் சத்தம் வந்துச்சு?"

பாட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "யாருக்கும் கேக்காம இருக்கணும்னு பால் கேனுக்குள்ள தலைய விட்டுப் பழகினார். உங்கப்பா நரி வந்திருச்சுன்னு தடியைத் தூக்கிட்டு ஓடினான். அப்புறம் தினமும் நான் பாறையில நின்னு வாயை மட்டும் திறப்பேன். அவர் இங்க நின்னு பாடுவார்."

"எதுக்குப் பாட்டி?"

"அந்தக் குரலை வச்சுத்தான் ஊருக்கு என்னைத் தெரியும். அது போனதும் நான் ஒழுங்கா சாப்பிடக்கூட இல்ல. அவருக்குப் பொறுக்கல."

ஹில்மா பால் கறக்கும் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் எப்போதும் கீழே வேலிக்கதவைத் திறக்கப் போயிருப்பாள். அதனால் எதையும் பார்த்ததில்லை. தாத்தாவுக்குப் பாட்டே வராது என்று சிக்ஸ்டன் மாமா விடாமல் கேலி செய்வார். தாத்தா தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

தூரத்தில் இடி உருண்டது.

"நான் பாடுறேன் பாட்டி."

"உனக்கு வருமா?"

"குளிக்கிறப்போ தினமும் இதைத்தான் பாடுவேன். மாடிவீட்டுக்காரர் காலால தரையை இடிப்பார்."

பாட்டி வாசலைப் பார்த்தார். "சிக்ஸ்டன் இருக்கானே. தெரிஞ்சா என்ன நினைப்பான்?"

"நீங்க பாறைக்குப் போங்க. நான் ஜன்னல்ல நிக்கிறேன். தாத்தா செஞ்ச மாதிரியே செய்யலாம்."

பாட்டி போய் நின்றார். ஹில்மா பாடினாள். முதல் தடவை குரல் நடுவில் வழுக்கியது. மாமா தலையைச் சொறிந்தார். இரண்டாம் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நிறைத்துப் பாடினாள். பாட்டு ஏரிமேல் போய், எதிர்மலையில் பட்டுத் திரும்பியது.

காட்டுக்குள் ஒரு மணி கிணுகிணுத்தது. பிறகு இன்னொன்று.

மாயரோஸ் முன்னால் ஓடி வந்தது. பாறைமேல் நின்ற பாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தொழுவத்து ஜன்னலுக்குப் போய்த் தலையை உள்ளே நுழைத்தது! ஹில்மாவை முகர்ந்தது. பிறகு அவளுக்குப் பின்னால் யாரையோ தேடியது.

மாட்டைப் பின்தொடர்ந்து வந்த சிக்ஸ்டன் மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"ஹில்மா, நீயா பாடின? அப்போ இத்தனை வருஷமா..."

பாட்டி பாறையிலிருந்து இறங்கி வந்தார். "அவர்தான் பாடினார், சிக்ஸ்டன்."

மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது. மழை விழத் தொடங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை. மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"அடப்பாவி! நான் எவ்வளவு கேலி பண்ணிருக்கேன்! ஒரு நாளாவது சொல்லிருக்கக் கூடாதா?"

"ஊர்ல சொல்லிடுவியா?" என்று கேட்டார் பாட்டி.

"சொல்லாம இருப்பேனா? வீடு வீடாப் போய்ச் சொல்லப் போறேன். என் சிநேகிதன் அக்கரை வரைக்கும் பாடினவன்க்கா!"

பாட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் ஹில்மா எல்லா மாடுகளையும் உள்ளே கட்டியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாட்டியும் ஹில்மாவும் கைகோத்துப் பாறைமேல் நின்றார்கள். ஹில்மா பாடினாள். மாடுகள் வரிசையாக வந்தன. மாயரோஸ் மட்டும் முதலில் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் பாறைக்கு வந்தது.