கருப்பு அடித்த வீடு

மனைவியின் முதுகில் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் இடது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு இளம்பச்சையில் ஒரு தீற்றல். பெயிண்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம். முகர்ந்தார். டின்னைத் திறந்ததும் குப்பென்று வருமே, அந்த வாடை. வீட்டுக்கு அந்த நிறத்தை அடித்தது அவர்தான். ஏதோ ஒரு பங்களா வேலையில் மிஞ்சியதைத் தூக்கிவந்து உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாகப் பூசிப் பல வருஷம் ஆகிவிட்டது. வெளுத்து, பொரிந்து, கை வைத்தால் மாவாக உதிர்கிற சுவர். அதில் ஈரம் எங்கிருந்து வரும்?

"எங்க போய்ச் சாஞ்ச?"

"எங்கயும் போகல. ஹால்லதான் உக்காந்திருந்தேன்."

"பொய் சொல்லாத."

"ஆமா, இந்த வயசுல இன்னொரு பெயிண்டரத் தேடிக்கிட்டுப் போனேன். ஒருத்தரு கூட குடித்தனம் பண்ணதே போதும், நகருங்க."

அவர் ஹாலுக்குப் போய் அவள் சாய்ந்த இடத்தைத் தடவினார். காய்ந்துதான் இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. பஸ்ஸில் ஒருத்தர் எழுந்துபோன இருக்கையில் உட்கார்ந்தால் ஒரு வெதுவெதுப்பு இருக்குமே, அந்தச் சூடு. அதை அவளிடம் சொல்லவில்லை.

பெயிண்டர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தெருமுனைக் கம்பத்தில் கேமரா மாட்டியபோது ஊரே சந்தோஷப்பட்டது, அவர் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார். அந்தக் கேமரா வந்ததே அவர் மனைவியால்தான். பட்டப்பகலில் ஒருவன் அவளைத் தள்ளிவிட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். விழுந்ததில் முட்டி இன்னும் சரியாகவில்லை. அதற்குப் பிறகு சந்து பொந்து, மரத்தடி, பாலத்தடி என்று ஊரில் ஓர் இடம் விடாமல் மாட்டிவிட்டார்கள். அவள் மறுபடி தைரியமாக வாசல்படியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவருக்கோ, எவனோ ஒருத்தன் குளுகுளு அறையில் உட்கார்ந்து தன் வீட்டு வாசலைப் பார்க்கிறான் என்பதே தொண்டையில் முள்ளாக நின்றது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் தொல்லை தாங்காமல், கேமராவில் அவர் வீடு தெரிகிற இடத்தை மட்டும் கருப்புக் கட்டம் போட்டு மறைத்துவிட்டார்கள்.

"அந்தப்புரத்துக்குத் திரை போட்டாச்சா?" என்று எதிர்க் கடைக்காரர் கேட்டார்.

"உன் கடைக்கும் போட்டுக்க. நீ எடை போடுற லட்சணம் தெரியாம இருக்கும்" என்றார் இவர்.

அதெல்லாம் வெயில் காலத்தில். இப்போது மழை ஓய்ந்து பகல் சுருங்கிவிட்டது, வீட்டுக்குள் மதியத்திலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. போட்டாலும் வெளிச்சம் மூலைவரை போகவில்லை, பாதியிலேயே சோர்ந்து நின்றது. மின்விசிறியை நிறுத்தினால் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுவரில் துணியை வைத்து யாரோ மெதுவாக, மிக மெதுவாக, ஓரம் பார்த்துத் துடைத்துக்கொண்டே போகிற மாதிரி. காது கொடுத்தால் நின்றுவிடும். காதை எடுத்தால் மறுபடி தொடங்கும். வாடை மட்டும் நிற்கவே இல்லை.

"வீட்டுல யாரோ இருக்காங்கங்க" என்றாள் அவள் ஒரு நாள், சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. "நான் திரும்புறப்ப அவங்களும் திரும்பிக்கிறாங்க."

"எலியா இருக்கும்."

"அந்தக் கருப்ப எடுத்துடச் சொல்லுங்க. யாராவது பாத்துட்டு இருக்கட்டும்."

"எவனோ பாக்கறதுல உனக்கு என்ன சந்தோஷம்?"

அவள் சுவரை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சுவரில் சாய்வதை விட்டுவிட்டாள். நடு ஹாலில், எதையும் தொடாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த வாரம் மதியம் அவள் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் தண்ணீர் குடிக்க வந்தவர் அப்படியே நின்றார். அவள் கன்னத்தில் இளம்பச்சையாக நான்கு கோடுகள். காதிலிருந்து வாய்வரை. ஒரு கை தடவிப் பார்த்த கோடுகள். மூக்குக்குக் கீழே மட்டும் அவை சற்று அழுந்தியிருந்தன, மூச்சு வருகிறதா என்று பார்த்தது போல.

அப்போதும் அவருக்குச் சந்தேகம் மனிதர்கள் மீதுதான். கேமராக்காரர்கள். சண்டை போட்டவன் என்று பழி வாங்குகிறார்கள், கருப்புக்குள்ளே என்ன நடந்தாலும் எவனும் பார்க்க மாட்டான் என்ற திமிர். அவளை எழுப்பினார். முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் வாசல்படியிலேயே உக்காரு. உள்ள போகாத."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

கண்காணிப்பு அறையில் சுவர் முழுக்கத் திரைகள். ஊரே அங்கே சின்னச் சின்னதாகக் கிடந்தது. அவர் வீட்டைக் கருப்புக் கட்டத்தால் மறைத்துக் கொடுத்த பெண்ணே அன்றைக்கும் இருந்தாள்.

"மறுபடியுமா ஐயா? இப்ப என்ன, கடைக்காரர் வீட்டுக்கும் கருப்பா?"

"உங்க ஆளுங்க என் வீட்டுக்குள்ள பூந்து வர்றாங்க. பதிவு இருக்கும்ல? போடு."

அவள் பெருமூச்சு விட்டு நேற்றைய பதிவைப் போட்டாள். தெரு. கடையின் மஞ்சள் சுவர். பக்கத்து வீட்டு நீலக் கேட். அதற்கப்புறம் அவர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு. பெயிண்டர் அதைப் பார்த்தார். எந்தக் கருப்பிலும் நீலமோ பழுப்போ கொஞ்சம் இருக்கும். இதில் எதுவும் இல்லை.

"யாரும் வரலையே ஐயா."

வரவில்லைதான். தெரு காலியாக இருந்தது. ஆனால் கடையின் மஞ்சள் சுவர் ஓர் இடத்தில் உப்பியிருந்தது. அந்த உப்பல் நகர்ந்தது.

சுவரோடு சுவராக, ஆள் உயரத்துக்கு, பக்கவாட்டில். கடைச் சுவரில் மஞ்சளாக வந்தது. கேட்டைத் தாண்டும்போது நீலமானது, கம்பிகளின் நிழல்கூட அதன்மேல் சரியாக விழுந்தது. எங்கோ நெடுந்தூரம் மூச்சைப் பிடித்துக்கொண்டே வந்த மாதிரி ஒரு நடை. கருப்பின் ஓரத்துக்கு வந்ததும் அது தளர்ந்தது. தோள் இறங்கியது.

உள்ளே போனது.

"பின்னாடி ஓட்டு" என்றார் பெயிண்டர். கையைக் காட்டினார்.

முந்தைய நாள். மூன்று. அதற்கு முந்தைய நாள், எண்ணவில்லை. உயரமானது ஒன்று. குழந்தை உயரத்தில் ஒன்று. எல்லாம் போயின. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பெண் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஊர் பூரா நாங்க கருப்புப் போட்டது உங்க வீடு ஒண்ணுதான் ஐயா" என்றாள் மெதுவாக. "அதுங்களுக்கு ஒளிய வேற மறைவே கிடையாது."

"எடு அத. இப்பவே எடு."

அவள் நேரடிப் படத்துக்கு மாற்றி எதையோ அழுத்தினாள். கருப்பு போய்விட்டது.

வீடு தெரிந்தது. மாலை வெயில் நேராக விழுந்து, அவர் அடித்த இளம்பச்சை பளிச்சென்று இருந்தது. வாசல்படியில் அவள். முட்டியை நீவிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி. தனியாக. அப்பாடா என்று ஒரு மூச்சு அவருக்குள் பாதி வந்தது.

அவளுக்குப் பின்னால் இருந்த சுவர் நேராக இல்லை.

நாற்பது வருஷம் சுவர் பார்த்த கண். பூச்சு உப்பினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது பூச்சு இல்லை. கதவுக்கு இரண்டு பக்கமும், கூரைவரை, ஒன்றின்மேல் ஒன்றாக. பார்வை பட்டதும் அசையாமல் நின்றுவிட்டவை.

அவர் போனை எடுத்து அழுத்தினார். எழுந்து தெருவுக்கு ஓடு. கடைக்காரனிடம் போ. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

மணி அடித்தது. திரையில் அவள் தலையைத் திருப்பினாள். வீட்டுக்குள் பார்த்தாள்.

"ஐயா," என்றாள் பெண், "போன் அவங்க கையில இல்ல."

ஹாலில் சார்ஜில் கிடந்தது.

அவள் தயங்கினாள். அவர் கூப்பிட்டு அவள் எடுக்காமல் இருந்ததில்லை. எடுக்காவிட்டால் அவர் வந்து ஆடுகிற ஆட்டம் அவளுக்குத் தெரியும். படியைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, எழுந்தாள். பெயிண்டர் போனை நிறுத்த விரலைக் கொண்டுபோனார். விரல் போவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சுவரில் இருந்த உப்பல்கள் கதவை நோக்கி வழிந்தன. அவசரமே இல்லாமல். வரிசையாக.

பிறகு சுவர் நேராக இருந்தது. தட்டையாக. சுத்தமாக.

"என்னங்க, சொல்லுங்க."

"வெளிய வா. உடனே வெளிய வா."

"சரியா கேக்கல. இருட்டா இருக்கு, இருங்க, லைட்டப் போடறேன்."

ஜன்னலில் வெளிச்சம் வந்தது. காதில் போனுடன் அவள் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் இளம்பச்சைச் சுவர். தோளை ஒட்டி. அந்த ஹாலில் எதிர்ச் சுவர் ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். அங்கே சுவர் கிடையாது.

"திரும்பாத" என்றார். "அப்படியே வாசலுக்கு வா."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். ஜன்னலின் ஒரு பாதி பச்சையாக மூடியது. பிறகு மறு பாதி. பிறகு கதவு.

திரையில் வீடு துல்லியமாகத் தெரிந்தது. மேலே எந்தக் கருப்பும் இல்லை. மாலை வெயிலில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, ஜன்னல் இல்லாமல், கதவு இல்லாமல், வெறும் இளம்பச்சைச் சுவர்.

"என்னங்க" என்றாள் அவள் போனில். சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிற சத்தம் கேட்டது. "வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"