ஆறு வட்டங்கள்

"தொம்!"

சத்தம் கேட்டு ஜிம்மே திரும்பிப் பார்த்தது.

மூன்றாவது டிரெட்மில்லில் ஆளைக் காணோம். பெல்ட் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் அதன் பின்னால் குப்புறக் கிடந்தார்.

டெஸ்ட் ரூமிலிருந்து ஓடி வந்தாள் அவள். ஜிம்மில் சேர வருகிறவர்களின் பிரஷர், பல்ஸ், ஈ.ஸி.ஜி. எல்லாம் பார்த்து, 'இவர் உடற்பயிற்சி செய்யலாம்' என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பாதிப் பேருக்கு 'முதலில் டாக்டரைப் பார்க்கவும்' என்று எழுதிவிடுவாள். அதனால் அவளுக்கு வைத்த பட்டப் பெயர்... பிரேக்!

ஆளைப் புரட்டினாள். மார்பை அழுத்தினாள். ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

போய்விட்டார்!

அப்போதுதான் அது யாரென்று அவளுக்கு உறைத்தது. ஓனரின் தங்கை புருஷன்! ஜிம்மில் பாதிப் பங்கு அவருக்கு. நேற்று மாலைதான் அவரைச் சோதித்து, 'டாக்டர் பார்க்காமல் ஓரடி கூட ஓடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஓனரிடம் கொடுத்திருந்தாள். ரிசல்ட்டை ஓனர்தான் சொல்ல வேண்டும், அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த ஜிம்மின் சட்டம்.

"சார்! இவரை யாரு ஓட விட்டது?"

ஓனர் அவள் கையைப் பிடித்து டெஸ்ட் ரூமுக்குள் இழுத்துப் போனார். கதவைச் சாத்தினார். ஒரு ஃபார்மை நீட்டினார்.

'நடந்தால் நெஞ்சு வலிக்குமா? இல்லை. தலை சுற்றுமா? இல்லை.' ஏழு கேள்விக்கும் 'இல்லை'தான். கீழே அவள் கையெழுத்து!

"இது நான் எழுதினதில்ல சார்!"

"கையெழுத்து?"

கையெழுத்து அவளுடையதேதான். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பயந்து, காலையிலேயே இருபது வெற்று ஃபார்மில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைப்பாள். அதில் ஒன்றை ஓனர் உருவிவிட்டார். சொந்தச் செலவில் சூனியம்!

"நான் குடுத்த ஃபார்ம்? ஈ.ஸி.ஜி. பேப்பர்?"

"எந்தப் பேப்பர்?" சிரித்தார் ஓனர். "கவனிக்காம டிக் அடிச்சிட்டேன்னு நீயே ஒத்துக்கோ. சின்ன கேஸ். நானே வக்கீல் வைக்கிறேன். மாட்டேன்னா... தெரிஞ்சே இவ கொன்னுட்டான்னு போலீஸ்ல சொல்வேன்!"

"அவரு உங்க மாப்ளை சார்..."

"அடுத்த மாசத்துலேர்ந்து ஜிம்மை அவனே நடத்துவானாம். நான் வீட்டுல உக்காரணுமாம். இருபது வருஷம் நான் வளர்த்த ஜிம்!"

வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.

அவள் கதவைத் தட்டினாள்... குத்தினாள்... உதைத்தாள். யாருக்குக் கேட்கும்? எல்லோரையும் கீழே அனுப்பியாகிவிட்டது. ஏ.ஸி. அறை. ஜன்னல் திறக்காது. போன் ரிசப்ஷன் மேஜையில் கிடக்கிறது.

அழுகை வந்தது. வீட்டில் ஏழு வயது மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து "அம்மா எங்கே?" என்று கேட்டால், ஜெயிலில் என்று யார் சொல்வது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். நேற்று அவர் படுத்திருந்த கட்டில். ஈ.ஸி.ஜி. மெஷின். தட்டில் ஒரு ரேசர்.

ரேசரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றது.

கதவு திறந்தது. இரண்டு மாடி ஏறி வந்ததில் இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது. தொப்பை தனியாக வாங்கியது.

"இவதான் சார்!" ஓனர் ஃபார்மை ஆட்டினார். "ஆளையே பார்க்காம டிக் அடிச்சிருக்கா!"

"சார்... ஒரே ஒரு கேள்வி." அவள் ஓனர் பக்கம் திரும்பினாள். "உங்க மாப்ளை நேத்து இந்த ரூமுக்குள்ள வந்தாரா, இல்லையா?"

"வரவே இல்ல!"

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? வாசப்படியக் கூட மிதிக்கல!"

"இன்ஸ்பெக்டர் சார், அதை எழுதிக்குங்க. எழுதிட்டு, செத்தவரோட பனியனைத் தூக்கிப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் போனார். அரை நிமிடத்தில் திரும்பினார்.

"நெஞ்சு பூரா கரடி மாதிரி முடி. நடு மார்லேர்ந்து இடது பக்கமா ஆறு வட்டம்... மழமழன்னு!"

"ஈ.ஸி.ஜி.க்கு நெஞ்சுல ஆறு ஸ்டிக்கர் ஒட்டணும், முடி இருந்தா ஒட்டாது சார். நேத்து நான்தான் ஷேவ் பண்ணேன்."

ஓனரின் முகத்தில் ஈயாடவில்லை. டெஸ்ட் எப்படி எடுக்கிறாள் என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

"அது... ஏதாவது ஆஸ்பத்திரில எடுத்திருப்பாரு சார்..."

"அண்ணா!"

வாசலில் ஓனரின் தங்கை. தலைவிரி கோலமாக நின்றாள்.

"என்னண்ணா சொல்றே? நேத்து சாயங்காலம் வந்ததுமே சட்டையைக் கழட்டிக் காட்டினாரே... 'உங்கண்ணன் ஜிம்முல அந்தப் பிரேக்கு என்னைக் கோழி மாதிரி உரிச்சிட்டா'ன்னு சிரிச்சாரே! அப்பத்தானே நீ போன் பண்ணே? ஸ்பீக்கர்ல நானும் கேட்டேனே... 'ரிப்போர்ட் சுத்தம் மாப்ளை, காலைல வந்து வேகமா ஓடுங்க'ன்னு... நீதானேண்ணா சொன்னே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

ஓனர் கதவை நோக்கிப் பாய்ந்தார். இரண்டே எட்டு! வெளியே நின்ற கான்ஸ்டபிள் காலரைப் பிடித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு, மிச்சமிருந்த வெற்று ஃபார்ம்களை இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டார்.

"இனிமே வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவியாம்மா?"

"செத்தாலும் மாட்டேன் சார்!"

இன்ஸ்பெக்டர் தொப்பையைத் தடவினார்.

"நானும் நாளைலேர்ந்து ஓடலாம்னு பார்க்கறேன்..."

பிரேக் தட்டிலிருந்த பழைய ரேசரை எறிந்துவிட்டுப் புதுசைப் பிரித்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க சார்!"