கறுப்புத் தாள் பிரதமர்

காலை 9.05. முன்னாள் பிரதமரின் நினைவு இல்லத்தில் முன்னாள் பிரதமரைக் காணவில்லை.

சுவரில் சட்டம் இருந்தது. கண்ணாடி இருந்தது. உள்ளே வெள்ளை அட்டையும் இருந்தது. அட்டையில் நாற்பது வருஷமாக இருந்த நிழலுருவம் மட்டும் இல்லை. ரயிலுக்குக் காத்திருந்த பிரதமரைப் பார்த்து, தெருக்கலைஞர் ஒருவர் கறுப்புத் தாளில் இரண்டே நிமிடத்தில் வெட்டிக் கொடுத்த பக்கவாட்டு முகம் அது. மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சமயம் அதுதான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அதை விலைக்குக் கேட்டு வராத சேகரிப்பாளர் கிடையாது.

9.40க்கு இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்ந்தபோது, நினைவு இல்லத்தின் செயலாளர் வழக்கை ஏறக்குறைய முடித்தே வைத்திருந்தார். நேற்று நண்பகலே அவர் வெளியூர் போய்விட்டார். இன்று காலை ரயிலில் இறங்கி நேராக இங்கே வந்தார். யாரும் கேட்காமலே டிக்கெட்டை எடுத்து நீட்டினார். நேற்று மாலை 4.10க்கு ஒரு வரலாற்று ஆசிரியர் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்திருக்கிறார். அப்போது படம் இருந்தது. ஐந்து மணிக்கு அறையைப் பூட்டினார்கள். ஒரே கதவு, ஒரே சாவி. அது இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சாவிக்காரம்மாவின் இடுப்பில்.

"அப்புறம் யார் எடுத்திருப்பாங்கன்னு நான் வேற சொல்லணுமா?" என்றார்.

கக்கத்தில் செய்தித்தாளை இடுக்கியபடியே இத்தனையும் சொன்னார். தேநீர் வந்தது, அதையும் ஒரு கையாலேயே குடித்தார்.

பின்கட்டு அறையில் சாவிக்காரம்மாவும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் கணவரும் பதினோரு வருஷமாக இருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. இன்ஸ்பெக்டருக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதது எல்லாம் சாட்சியம் ஆகாது.

"காலையில கதவைத் திறந்ததும் யார் முதல்ல உள்ள போனது?"

"செயலாளர் ஐயாதான். நான் பூட்டைக் கொக்கியில மாட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள, படத்தைக் காணோம்னு சத்தம் போட்டார்."

"நேத்து பூட்டும்போது இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"பத்து நாளா நான் கிட்டவே போகலை. கண்ணாடி புதுசு, துடைச்சா கீறல் விழும், நானே துடைச்சுக்கறேன்னுட்டார் ஐயா. யாரும் நெருங்காம கயிறும் கட்டிட்டார்."

சட்டத்தைக் கழற்றித் திருப்பினார்கள். பின்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் நேராகக் கீறியிருந்தது. பிரேம் கடைக்காரரிடம் போனில் விசாரித்தார் இன்ஸ்பெக்டர். விரிசல் விட்ட பழைய கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிது போட்டது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பின்தாளை ஒட்ட விடாமல், அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் செயலாளர் சொல்லிவிட்டாராம். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

10.30. ஆசிரியர் போனும் கையுமாக வந்தார். ரொம்பப் பெருமை அவருக்கு. வாசலில் விற்கும் படஅட்டைகள் அத்தனையிலும் எதிர் ஜன்னலின் கம்பிகள் கண்ணாடியில் பிரதிபலித்து, பிரதமரின் நெற்றியில் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். வாங்கியவர்களெல்லாம் குறைபட்டுக்கொள்வார்கள். தன் போட்டோவில் முகம் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்று இருக்கிறது என்று காட்டினார்.

இன்ஸ்பெக்டர் சட்டத்தைப் பழையபடி மாட்டச் சொல்லிவிட்டு, படஅட்டையையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆசிரியரின் போட்டோவிலும் கம்பிகள் இருந்தன. முகத்துக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும், வெள்ளைப் பரப்பில். முகத்தின் மேல் மட்டும் இல்லை. எதையாவது அழித்தீர்களா என்று கேட்டார். தனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது என்றார் ஆசிரியர்.

இன்ஸ்பெக்டர் தன்னுடைய கறுப்பு டைரியைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார். நான்கடி தள்ளி நின்று பார்க்கும்படி செயலாளரிடம் சொன்னார். கம்பிகள் டைரியின் விளிம்பில் நின்றுபோயின.

"படம் உள்ள இருந்தா கம்பி முகத்து மேலயும் விழும். படஅட்டையில விழுந்திருக்கு. நேத்து விழலை. ஏன்னா நேத்து அந்த முகம் கண்ணாடிக்கு வெளியில ஒட்டியிருந்துச்சு."

செயலாளர் கக்கத்துச் செய்தித்தாளை இன்னும் இறுக்கிக்கொண்டார். அசல் பத்து நாளுக்கு முன்பே போய்விட்டது. புதுக் கண்ணாடி போட்ட அன்று எடுத்தவர், பின்தாளை ஒட்டி, திருடன் கீறியது போல அன்றைக்கே கீறியும் வைத்தார். அசலைப் பார்த்து ஒன்றை வெட்டிக் கண்ணாடிமேல் ஒட்டினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது போதும். நகலை உள்ளேயே வைத்திருக்கலாமே என்றால், என்றைக்காவது நிபுணர் எவராவது கண்டுபிடிப்பார். சட்டத்தைக் கடைசியாகத் திறந்தது யார் என்று கேள்வி வரும். அதனால் தான் ஊரில் இல்லாத நாளில் ஒரு திருட்டு நடந்தாக வேண்டும். காலையில் முதல் ஆளாக உள்ளே போய் உரித்தெடுக்க ஒரு நொடி போதும்.

"அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க."

விளையாட்டுப் பக்கத்துக்குள் பிரதமர் மடியாமல் இருந்தார், நான்கு இடத்தில் பசையோடு. அசலை வாங்கிய சேகரிப்பாளரின் பெயர் வர இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று.

11.50. பின்கட்டில் சாவிக்காரம்மா மூட்டைகளைக் கட்டி முடித்திருந்தாள். கணவரை எப்படித் தூக்கிப்போவது என்பதுதான் பாக்கி. நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், எடுத்தவர் செயலாளர்தான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவள் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.  

"எங்க ஒளிச்சு வச்சேன்னு ஐயா அவ்வளவு உறுதியா கேட்டாரும்மா," என்றாள். "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் என் பெட்டியைத் திறந்து ஒரு தடவை தேடிப் பார்த்தேன்."