ஈர மதிலில் ஒரு மாப்பிள்ளை

"ஹலோ மிஸ்... எங்கட மதிலை என்னத்துக்கு உறிஞ்சுறீங்கள்?"

துஷ்யந்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். வாயில் ஒரு ரப்பர்க் குழாய். அதன் மறுமுனை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் பாசி பிடித்த மதிலில். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. கன்னத்தில் ஒட்டிய கூந்தலைக்கூட அவள் ஒதுக்கியிருக்கவில்லை.

எதிரே நெடுநெடுவென்று ஒருவன். ஒரு கையில் ப்ளீச் வாளி, மறு கையில் கம்பி பிரஷ்.

"தொடாதீங்கோ!"

"ஆரை?"

"மதிலை!"

"அது எங்கட மதில் மிஸ். எங்கட மூக்குக்கண்ணாடிக் கடையின்ர பின்பக்கம். பாசியில ஆக்கள் வழுக்கி விழுகினம். தேய்க்கச் சொல்லி அப்பா அனுப்பினவர்."

"தேய்ச்சா ஈ போயிடும்!"

"ஈ போனா நல்லதுதானே?"

குரலில் பகிடி இருந்தது. கண்களில் அதைவிட அதிகமாக... மழை கழுவிவிட்ட யன்னல் மாதிரி, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்த கண்கள். அந்தக் கண்களை அவள் அவ்வளவு நேரம் பார்த்திருக்கத் தேவையில்லை.

கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் குப்பியை நீட்டினாள். உள்ளே எள்ளில் பாதி அளவில் ஓர் ஈ. பச்சையும் பொன்னும் கலந்து மினுங்கும் உடம்பு, மயிரிழை போல நீண்ட கால்கள்.

"இது சாப்பாட்டில மொய்க்கிற ஈ இல்லை. ஈரச் சுவரில இருக்கிறது. கிருலப்பனை, முகத்துவாரம் எண்டு எல்லா இடமும் தேடிப்போட்டன், இந்த மதிலிலதான் கண்டனான். இந்த இனத்துக்கு இன்னும் ஒருத்தரும் பேர் வைக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"இவ்வளவு வடிவா இருக்கு... ஒரு பேரை வைச்சு விடுறதுதானே?"

"ஏலாது. எனக்கு அகப்பட்டதெல்லாம் பெண். இந்த ஈயளில பெண்ணெல்லாம் ஒரே மாதிரி. ஆணைப் பாத்துத்தான் புது இனமோ இல்லையோ எண்டு சொல்லலாம். ஆணுக்குக் காலிலயோ செட்டையிலயோ ஏதாவது அலங்காரம் இருக்கும். பெண்ணுக்கு முன்னால நிண்டு ஆட்டிக் காட்டும். அந்த ஆண்தான் கிடைக்குதில்லை..."

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"அப்ப... மாப்பிள்ளை தேடுறீங்கள்."

"ஓம், மாப்பிள்ளைதான் தேடு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது அவளுக்கே தெரிந்தது.

அவன் சிரித்தான். பெயர் பிரதீஸ் என்றான். பிரஷ்ஷைத் தோளில் சாத்திக்கொண்டு, தேய்க்காமலே திரும்பிப் போனான்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் துஷ்யந்தி கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினாள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வே ஈரச் சுவர் ஈக்கள்தான். ஆனாலும் சனிக்கிழமை விடியும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டது ஈயின் செட்டை இல்லை...

மதிலடியில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. பிறகு பிளேன்டீ வந்தது. பிறகு, டீ கொண்டுவந்தவன் போகாமல் நிற்கத் தொடங்கினான்.

"குழாயால உறிஞ்சேக்க ஈ வாய்க்குள்ள போயிடாதோ?"

"நடுவில வலை இருக்கு."

"நல்ல காலம். பேர் வைக்க முதலே விழுங்கிப்போடுவீங்களோ எண்டு பயந்தனான்."

குனியும்போதெல்லாம் அவளுடைய கண்ணாடி மூக்கில் வழுக்கியது. ஒருநாள் அவன் பொறுக்காமல், "தாங்கோ" என்று வாங்கி, காம்பை இலேசாக வளைத்து, தானே அவள் காதில் மாட்டிவிட்டான்.

"இப்ப தெரியுதோ?"

"தெரியுது..." என்றாள். இவ்வளவு கிட்டத்தில் வேறெதுவும் தெரியவில்லை.

"இல்லை, பவர் காணாது. புதுசு ஒண்டு செய்து தாறன்."

கடைக்குள்ளிருந்து அவனுடைய அப்பாவின் குரல் வந்தது. "தம்பி! மேல் தண்ணித் தாங்கி ஒழுகி மதிலெல்லாம் ஊறுது. பைப் திருத்துற பாஸைக் கூப்பிடெண்டு எத்தினை தரம் சொல்றது?"

"அவர் ஊருக்குப் போயிட்டாராம் அப்பா."

"போன கிழமையும் ஊரிலதானே இருந்தவர்?"

"பெரிய ஊர் போலை."

துஷ்யந்தி மதிலைப் பார்த்துச் சிரித்தாள். எதற்காக அந்தத் தாங்கி இன்னும் ஒழுகுகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த மாதத்துக்குள்ள ஆண் கிடைக்காட்டி இந்த ஈயை விட்டிடு. பேர் வைக்க ஏலாத ஒண்டை ஆய்வில வைச்சு என்ன செய்யிறது?"

அந்தச் சனிக்கிழமை மழை விட்டு இளவெயில் மதிலில் விழுந்தபோது... அவள் கண்டாள். ஒரு பெண் ஈயின் முன்னால் ஒரு சின்ன மினுக்கம். முன்னங்கால்களின் நுனியில் பால் வெள்ளையாய் இரண்டு பூக்கள். மாப்பிள்ளை காலைத் தூக்கி ஆட்டினான், நிறுத்தினான், பிறகும் ஆட்டினான். என்னைப் பார்... என்னைப் பார்...

குழாய் வாயில் இருந்தது. ஒரு மூச்சு இழுத்தால் போதும்.

இவனைப் பிடித்துவிட்டால்... அடுத்த சனிக்கிழமை எதற்கென்று வருவது?

அவள் மூச்சை இழுக்கவில்லை. ஈ பறந்துவிட்டது.

"என்ன, ஏதும் கண்டனீங்களோ?" டீயோடு வந்தவன் கேட்டான்.

"இல்லை... பெண்தான்."

பஸ்ஸில் திரும்பும்போது தன்மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாள் தவம் கிடந்தது இதற்குத்தானா? அடுத்த கிழமை எப்படியும் பிடித்துவிடவேண்டும் என்று மனதுக்குள் சத்தியம் செய்தாள்.

அடுத்த கிழமை மதில் காய்ந்து கிடந்தது. பாசி இல்லை. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"அப்பா தானே பாஸைக் கூட்டிவந்திட்டார்..." பிரதீஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீங்கள் ஒரு போன் எடுத்திருக்கலாம்! ஓடி வந்திருப்பன்! என்ர படிப்பு உங்களுக்குப் பகிடி, என்ன?"

"பகிடியோ? நில்லுங்கோ, நான் ஒண்டு சொல்லோணும்..."

"ஒண்டும் வேண்டாம்!"

அவன் முகம் இறுகியது. "ஈக்காகத்தானே வந்தனீங்கள்?"

அவள் நிமிர்ந்தாள். "ஓம். ஈக்காகத்தான்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பிறகு வந்த சனிக்கிழமைகள் நீளமானவை. கண் ஏன் சிவந்திருக்கு என்று யாரும் கேட்டால், இரவெல்லாம் நுளம்புக்கடி என்பாள். உறங்காத கண்ணுக்கு ஒரு காரணம் வேண்டுமே... மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஒழுங்கை ஞாபகம் வந்தது. பிளேன்டீயில் இஞ்சி கூடியிருந்தால் அவன் ஞாபகம், குறைந்திருந்தாலும் அவன் ஞாபகம். கண்ணாடி மூக்கில் வழுக்கினால் அதைத் தூக்கிவிடாமல் அப்படியே இருந்தாள். அன்றைக்கு ஒரு மூச்சு இழுத்திருந்தால் ஈயாவது மிஞ்சியிருக்கும். இப்போது ஈயும் இல்லை... அவனும் இல்லை.

மார்கழியில் போன் வந்தது.

"உங்கட கண்ணாடி வந்திட்டுது மிஸ். நான் இப்ப கொட்டாஞ்சேனையில நிக்கிறன்... லூசியா கோயிலடியில."

உடுப்பு மாற்றவும் தோன்றாமல், வீட்டுச் சட்டையோடு குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டிய நட்சத்திரங்கள் மழையில் நனைந்து தொங்கின. கோயில் வாசலில் அவன், தோளெல்லாம் ஈரம்.

"கண்ணைக் காக்கிற புனிதையாமே இந்த லூசியா? கண்ணாடிக் கடைக்காரர் வந்து கும்பிட்டா வியாபாரம் படுக்கும் எண்டு அப்பா சொன்னவர்."

சிரிப்பு வந்தது, அவள் அடக்கினாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் பஞ்சு சுற்றிய ஒரு குப்பி. உள்ளே, வில்லை துடைக்கிற ஸ்பிரிட்டில் மிதந்தபடி... முன்னங்காலில் இரண்டு வெள்ளைப் பூக்கள்.

"பிரதீஸ்!" முதல் தடவையாகப் பெயரைச் சொன்னாள். "இது ஆண்!"

"தெரியும்."

சட்டைப் பையில் கிடந்த துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் எடுத்தாள். "மேடத்திட்டக் காட்டினா ஈயைத் திரும்ப ஆய்வில சேர்க்கலாம். இப்பவே லேபல் எழுதிப் போடோணும். எந்த இடம், எந்த நாள், ஆர் பிடிச்சது... இது மூண்டும் இல்லாட்டி இது வெறும் செத்த ஈ. இடம் வெள்ளவத்தை. பிடிச்சது நீங்கள். எண்டைக்கு?"

அவன் கோயில் கோபுரத்தைப் பார்த்தான்.

"திகதி வேணும்."

"போன கிழமை எண்டு போடுங்கோ."

"மதிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் கன நாளாச்சு, போன கிழமை ஈ எங்கால? லேபலில பொய் எழுதேலாது பிரதீஸ். எண்டைக்கு?"

மழை சத்தமாகப் பெய்தது. அவன் கண்கள் மட்டும் ஒளிக்கத் தெரியாமல் நின்றன.

"தீபாவளிக்கு அடுத்த நாள்."

பென்சில் நின்றது. அப்போது அவள் இரண்டாம் முறைதான் வந்திருந்தாள். அதன்பிறகு எத்தனை சனி... எத்தனை டீ...

"கையில வைச்சுக்கொண்டோ... ஒவ்வொரு கிழமையும் என்னைத் தேட விட்டனீங்கள்?"

"குடுத்தா நீங்கள் பிறகு வரமாட்டீங்கள் எண்டு..." அவன் குரல் இறங்கியது. "பாஸும் ஊருக்குப் போகேல்லை. பிழைதான். உங்கட படிப்போட விளையாடிப்போட்டன். ஏசுங்கோ. ஆனா போகாதீங்கோ."

கோபம் வந்தது. நியாயமான கோபம். அது உதடு வரைக்கும் வந்து, அங்கே வேறொன்றாக மாறியது.

"நானும் ஒண்டைக் கண்டனான்," என்றாள் நிலத்தைப் பார்த்தபடி. "என்ர குழாயின்ர நுனியில நிண்டது. பெண் எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"ஏன் பிடிக்கேல்லை?"

"நீங்கள் ஏன் குடுக்கேல்லை?"

இருவரும் மழையைப் பார்த்தார்கள். அவன் மெல்ல அவளுடைய பழைய கண்ணாடியைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டான். விரல் இந்தமுறை உடனே விலகவில்லை.

"மதில் திரும்பவும் ஈரம் துஷ்யந்தி. ஒரு பைப்பைச் சொட்டச் சொட்ட விட்டிருக்கிறன். பாசி முளைக்குது."

"அப்பா?"

"ஈக்கு எண்டு சொன்னன். அவர் நம்பேல்லை."

அவள் திகதியைச் சின்ன எழுத்தில் எழுதி, கடதாசியைக் குப்பிக்குள் போட்டு மூடினாள்.

"அப்ப இனிப் பேர் வைக்கலாம்தானே? ஒரு மாப்பிள்ளை போதாதோ?"

"ஈக்குப் போதாது. ஒப்பிட்டுப் பாக்க இன்னும் நாலைஞ்சு வேணும். கன சனிக்கிழமை வரோணும்..."

புதுக் கண்ணாடிக்குள்ளால் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு மழைத்துளியும் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கு ஒண்டு போதும்."